பிழை கொம்பியூட்டரில்தான்

வீட்டுக் கொம்பியூட்டருக்குப் புதுப் புரொசசர் வேண்டும் என்று என் கணவர் சொன்ன அன்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கோயிலுக்குப் போய் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். இதற்குப்போய் யாராவது மெழுகுதிரி கொளுத்துவார்களா என்று கேட்கலாம். நான் கொளுத்தினேன்.

காரணம் இதுதான். அவர் வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பனிக்குப் புரோகிராம் எழுதுகிறவர். சில மாதங்களாக வேலை பிந்திக்கொண்டே வந்தது. ஒரு நாளில் முடிகிற வேலைக்கு ஒரு கிழமை எடுத்தது. அவருடைய சூப்பவைசர் பெண் நல்ல மனுசி, ஆனாலும் மாத முடிவுக்குள் சரிவராவிட்டால் மேலிடத்துக்கு அறிவிக்க வேண்டிவரும் என்று சொல்லிவிட்டாள். "கொம்பியூட்டர் ஸ்லோ, வேற ஒண்டுமில்லை" என்றார் இவர். வயது ஐம்பத்தெட்டு. கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு மறப்பதும், நாங்கள் இருக்கிற வில்லரேயில் பதினாறு வருடமாக நடக்கிற தெருவில் நின்று எந்தப் பக்கம் திரும்புவது என்று யோசிப்பதும் எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் பிழை கொம்பியூட்டரிலேயே இருக்கட்டும் என்று மாதாவைக் கெஞ்சினேன். புரொசசரைக் கொம்பியூட்டரின் மூளை என்பார்கள். அந்தச் சொல்லை நான் வீட்டில் வாயிலெடுப்பதில்லை.

எங்கள் கோயில் பங்கில் அவரைக் கொம்பியூட்டர் அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள். பூசை முடிந்தால் சுவாமியாரைச் சுற்றி நிற்கிற சனத்தைவிட இவரைச் சுற்றி நிற்கிற சனம் அதிகம். "இந்த ரெண்டில எதை வாங்கிறது அண்ணை?" என்று கேட்டால் போதும், பேப்பரும் இல்லை பேனையும் இல்லை, இரண்டு புரொசசரையும் வாயாலேயே நிறுத்துக் காட்டுவார். இதில் கோர் கூட, ஆனால் சூடாகும். அது வீடியோ வெட்டி ஒட்ட நல்லது. பெயரின் கடைசி எழுத்தைப் பார்க்காமல் வாங்கினால் திரையில் படமே வராமலும் போகலாம். பனிக்குள் நின்று எனக்கு விறைத்துப்போகும். "இடியப்பம் ஆறுது, வாறீங்களோ இல்லையோ?" என்று கோட்டைப் பிடித்து இழுத்திருக்கிறேன். இப்போது நினைத்தால் என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

அப்படிப்பட்டவர் தனக்கு ஒன்று வாங்க மூன்று கிழமை எடுத்தார். ஒவ்வொரு நாளும் திரையில் இரண்டு பக்கங்களைத் திறந்து வைப்பார், பார்ப்பார், மூடுவார். "என்னைப் பொம்பிளை பாக்கக்கூட நீங்கள் இவ்வளவு நாள் எடுக்கேல்லை" என்றேன். "அப்ப ஒப்பிட்டுப் பாக்க வேற ஆள் இருக்கேல்லை" என்று சிரித்தார். பகிடி விடத் தெரிகிற மனுசனுக்கு ஒன்றும் இல்லை என்று நானும் என் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அன்றைக்கே புரோசார்ட்டில் இருக்கிற கொம்பியூட்டர் கடைக்குப் போய் வாங்கிவிடுவது என்று முடிவெடுத்தோம். கடை ஐந்து மணிக்குப் பூட்டும். சாப்பாட்டு மேசையில் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தார். "இஞ்சாரும், நீர் எழுதும், நான் சொல்லுறன்" என்றார். நான் தாளின் நடுவில் கோடு போட்டேன். முதலில் இடப்பக்கம்: பெயர், நம்பர், எத்தனை கோர், என்ன வேகம், எத்தனை வாட். பிறகு வலப்பக்கம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, சொல்வதையெல்லாம் எழுதினேன். எழுதி முடிந்ததும் கதிரையில் சாய்ந்துகொண்டு நியாயம் சொல்லத் தொடங்கினார். வலப்பக்கத்தது வேகம் கொஞ்சம் கூடவாம். இடப்பக்கத்தது சூடு குறைவாம். கோயில் வாசலில் கேட்ட அதே குரல். எழும்பி அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

கடையில் கேட்பதற்காக நம்பரைப் போனில் பதிய என்று தாளை எடுத்தேன். இடப்பக்கம் ஐந்து இலக்கம், கடைசியில் ஒரு எழுத்து. வலப்பக்கமும் அதே ஐந்து இலக்கம், அதே எழுத்து. கோர் பத்து, பத்து. வாட்டும் ஒன்றுதான். திரையை எட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கத்திலும் ஒரே புரொசசரைத்தான் திறந்து வைத்திருந்தார். அரை மணித்தியாலமாக ஒன்றையே அதனோடு ஒப்பிட்டிருக்கிறார். ஒன்று மற்றதைவிட வேகம் என்றும் கண்டுபிடித்திருக்கிறார்.

"என்ன?" என்றார்.

"ஒண்டுமில்லை. நான்தான் கேளாமல் பிழையா எழுதிப்போட்டன்" என்று தாளை மடித்தேன்.

அவர் அதை என் கையிலிருந்து வாங்கி விரித்தார். விரலை இடப்பக்க நம்பரில் வைத்தார், பிறகு வலப்பக்கம். திரும்பவும் இடப்பக்கம். மற்றவர்களின் கொம்பியூட்டரைத் திருத்தும்போதும் அப்படித்தான், சத்தம் போடாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து, முடிவில் ஒரே ஒரு வசனம் சொல்வார். இப்போதும் ஒரே ஒரு வசனம்தான் சொன்னார்.

"அப்ப பிழை கொம்பியூட்டரில இல்லை."

பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "வெளிக்கிடுங்கோ, கடை பூட்ட முதல் போவம். ஏதாவதொண்டை வாங்குவம். புதுசு வந்தா எல்லாம் சரியாயிடும்."

அவர் தலையை ஆட்டினார். "வேண்டாம். புதுசு பூட்டினா பேந்து சொல்ல ஒரு சாட்டும் இருக்காது. பழசே இருக்கட்டும்."

நாங்கள் புரோசார்ட்டுக்குப் போகவில்லை. அடுத்த நாள் சூப்பவைசர் பெண் அழைத்தபோது அவர் போனை என்னிடம் நீட்டினார். நான் சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்க்கிற ஒரு கார்டரியின் சமையலறையில் வேலை செய்கிறவள். அந்தப் பிள்ளைகளிடம் பழகிய பிரெஞ்சுதான் எனக்குத் தெரியும். அந்தப் பிரெஞ்சில், கொம்பியூட்டர் மிகவும் பழசு மதாம், புதிதாக ஒன்று வாங்கப் போகிறோம், எது நல்லது என்று அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொன்னேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவர் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

இந்த விஷயத்தில் உங்கள் கணவரைவிட யாருக்குத் தெரியும், ஆறுதலாக ஒப்பிட்டுப் பார்த்தே வாங்கட்டும் என்றாள் அவள். அதை நான் அவருக்குத் தமிழில் சொல்லத் தேவையிருக்கவில்லை. பிரெஞ்சு அவருக்கு என்னைவிட நன்றாக விளங்கும்.