ஏழாம் நம்பர் சீட்டில் இரண்டு பேர்

இசக்கிசெல்வி லேசுப்பட்ட பொண்ணு இல்லை. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து இருபது வயசில் தனியாகப் பஸ் ஏறி வந்தவள். பிள்ளைப்பாக்கத்தில் நாலு பேரோடு ஒரே ரூம். ஒரகடம் ரோட்டில் வண்டி ஹாரன் செய்கிற கம்பெனியில் ஏழாம் நம்பர் சீட்டு. ஸ்க்ரூ முடுக்குவதுதான் வேலை. ஆனால் அவள் முடுக்கின ஹாரன் ஒன்றுகூட ரிஜெக்ட் ஆகித் திரும்பியது கிடையாது. ஒரு வருஷ டிரெயினிங் முடிந்து, 2004 ஆவணிக் கடைசியில் பெர்மனென்ட் லிஸ்ட் வரப்போகிறது. பேர் வந்தால் வேலை. வராவிட்டால் ஊருக்குப் போய்ப் பீடி சுற்ற வேண்டியதுதான்.

அந்தக் கம்பெனியில் ஒரு ஏற்பாடு. காலை ஷிப்ட் பொண்ணுங்களுக்கு, மதிய ஷிப்ட் பசங்களுக்கு. இரண்டு மணிக்குப் பொண்ணுங்க பஸ் கேட்டைத் தாண்டின பிறகுதான் பசங்களை உள்ளே விடுவார்கள். வருஷம் முழுக்க ஒரே சீட்டில் மாறி மாறி உட்கார்ந்தாலும் ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியாது.

சித்திரையில் ஒரு நாள் அவளுக்கு உடம்பு கொதித்தது. எண்ணிக்கை குறைந்துபோக, சீட்டில் கிடந்த ஷிப்ட் நோட்டில் ‘காய்ச்சல்’ என்று எழுதிவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் வந்தால் ஸ்க்ரூ தட்டு நிறைந்திருக்கிறது. ஷிப்ட் முடிந்தால் தட்டைக் காலி செய்து வைக்க வேண்டும் என்பது ரூல். மதிய ஷிப்ட்காரன் அதை மீறி நிரப்பி வைத்திருக்கிறான். அடுத்த நாளும் அப்படியே. சும்மா வாங்கிக்கொள்கிற ஆளா அவள்? போகும்போது அவனுக்கும் நிரப்பி வைத்தாள். ரூமிலும் பக்கத்துச் சீட்டிலும் கூட இருந்த சுகப்பிரியா விடவில்லை.

“ஏட்டி, உன் வீட்டுக்காரரு சோறு போட்டு வச்சிட்டுப் போயிருக்காரு. ஆறிரப் போவுது, போ.”

ஆவணி பிறந்ததும் புது மாடல் வந்தது. காலையில் கார் ஹாரன், மதியத்துக்கு மேல் லாரி ஹாரன். அந்த வாரமே ஏழாம் நம்பர் போட்ட ஹாரன்கள் இரண்டு ஷிப்டிலும் டெஸ்டிங்கில் விழ ஆரம்பித்தன. சூப்பர்வைசர் கோதண்டராமன் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார், யாரோ வேணுமென்றே கெடுக்கிறீர்கள், வெள்ளிக்கிழமைக்குள் ஆள் தெரியாவிட்டால் இரண்டு பேரையும் அனுப்பிவிடுவேன் என்று.

வேறொருத்தி என்றால் பாத்ரூமுக்குள் போய் அழுதிருப்பாள். இவள் சாப்பாட்டு நேரத்தில் ரிஜெக்ட் பெட்டியிலிருந்து நாலு ஹாரனை எடுத்துப் பிரித்தாள். தான் செய்த இரண்டில் இருந்த ஸ்க்ரூ ஒரு அரிசி முனை நீளம் அதிகம். லாரி ஸ்க்ரூ. பாவி, கலந்து வைத்து என்னை மாட்டிவிடுகிறான் என்று பல்லைக் கடித்தாள். பிறகு அவன் செய்ததையும் பிரித்தாள். அதில் குட்டையான கார் ஸ்க்ரூ. அவள் தன் கையாலேயே அவனுக்கு நிரப்பி வைத்தது. தலை இரண்டுக்கும் ஒன்றுபோல இருப்பதால், தட்டில் கிடந்தால் யாருக்கும் தெரியாது.

அன்று வெள்ளிக்கிழமை. இரண்டு மணிக்கு அவள் பஸ் ஏறவில்லை.

“பஸ்ஸு பூடுச்சிம்மா, இன்னும் இன்னா நின்னுகினு கீற?” என்றார் செக்யூரிட்டி பாபு. சூப்பர்வைசரைப் பார்க்கணும் என்று சொல்லிவிட்டு ஏழாம் சீட்டுப் பக்கத்திலேயே நின்றாள். பசங்க உள்ளே வந்தார்கள். கடைசியாக ஒல்லியாய் ஒருத்தன் அந்தச் சீட்டுக்கு வந்து, இவளைப் பார்த்துத் திகைத்து நின்றான். பக்கத்துச் சேரப்பணஞ்சேரிக்காரன், பேர் கார்முகில்.

“தட்டை நிரப்புறது நீங்கதானா?” என்று கேட்டாள்.

“ஆமா. நீ எனுக்கு ஆப்பு வைக்கிறன்னு நெனச்சினு இருந்தேன்.”

“நெனச்சிட்டு, நேத்தும் எதுக்கு நிரப்புனீய?”

அவன் தரையைப் பார்த்தான். நோட்டில் காய்ச்சல் என்று படித்த அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம், சந்தேகம் வந்த பிறகும் கை நிற்கவில்லையாம்.

“உன்னிய ஊருக்கு அனுப்பிட்டா கஷ்டம். எனுக்கு இங்கியே வூடு கீது. அதான் தப்பு என்னுதுன்னு இப்பதான் சார்கிட்ட சொல்லிட்டு வர்றேன்.”

அவளுக்கு வந்தது கோபம். வாங்க என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். சூப்பர்வைசர் மேஜையில் நாலு ஸ்க்ரூவையும் வைத்தாள்.

“இவரு பொய் சொல்லுதாரு சார். அவருக்கு நான் நிரப்புனேன், எனக்கு அவரு. வேணும்னு யாரும் செய்யல. அனுப்புனா ரெண்டு பேரையும் அனுப்புங்க.”

கோதண்டராமன் ஸ்க்ரூவை அளந்து பார்த்தார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“உங்க பாசத்துல நூத்தம்பது ஹாரன் போச்சேம்மா” என்றார்.

வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் ரூல் ரூல்தான். இரண்டு பேரையும் அந்த லிஸ்டிலிருந்து அடித்து, டிரெயினிங்கை ஆறு மாசம் நீட்டிவிட்டார். அவள் ஒரு வார்த்தை கெஞ்சவில்லை.

மாசியில் அடுத்த லிஸ்ட் ஒட்டினார்கள். “ஏட்டி, மேலயே இருக்கு உன் பேரு” என்று சுகப்பிரியா தோளைப் பிடித்து உலுக்கினாள். இசக்கிசெல்வி திரும்பவில்லை. கார்முகில் என்ற பேர் வரும்வரை அவள் விரல் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது.