கோணல் மரத்திலிருந்து பன்னிரண்டு காலடி

போன வாரம் தெலுக் பாத்திக் கடற்கரைக்குப் போயிருந்தேன். சித்தியவானில் மகளின் மாமியார் வீட்டில் ஒரு விசேஷம். சாப்பாடு முடிந்ததும் பேரப்பிள்ளைகள் கடல் பார்க்க வேண்டும் என்றார்கள்.

கடல் இருந்தது. கரையைத்தான் காணோம்.

முந்தின நாள் சுமத்திராக் காற்று அடித்து ஓய்ந்திருந்தது. அலை இடுப்பளவு மணலை வெட்டிக்கொண்டு போய்விட்டது. ரூ மரங்கள் – சவுக்கைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறோம் – வேர் தெரிய நின்றன. வெட்டுப்பட்ட இடத்தில் முப்பது நாற்பது பேர் குனிந்த தலை நிமிராமல் நடந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் குச்சி. ஒருவர் கையில் சமையலறைச் சல்லடை.

எதைத் தேடுகிறார்கள்? தாங்கள் தொலைத்ததையா? இல்லை. அடுத்தவர் தொலைத்ததை. புயலுக்கு அடுத்த நாள் கடற்கரையில் காசு, மோதிரம், காதணி எல்லாம் மேலே வரும். பளபளவென்று வராது... பச்சை பிடித்து, சிப்பியோடு சிப்பியாகக் கிடக்கும்.

மீன் லாரி ஓட்டுகிற ஒருவர் எங்களிடம் வந்தார். உள்ளங்கையில் ஒரு குழந்தைக் காப்பு. தங்கம்தான்.

"அங்கிள், ஒங்க பேரப்புள்ளையோடதா லா இது?"

"இல்லப்பா."

"சரி, அந்தப் பக்கம் கேக்குறேன்."

என் மகள் விடவில்லை. "வச்சுக்கிட்டா யாருக்குத் தெரியப்போவுது அண்ணே?"

"எம் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சிரும்க்கா. அவகிட்ட பொய் சொல்லி நான் ஒரு தடவகூட ஜெயிச்சதில்ல."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். கரை முழுக்க ஒவ்வொரு குடும்பமாக நின்று நின்று கேட்டுக்கொண்டு போனார். நான் ஒரு வேரின் மேல் உட்கார்ந்துவிட்டேன். வெயில் என்று மகள் நினைத்தாள். வெயில் இல்லை.

வாராவாரம் பத்திரிகையில் வரும் இந்தப் பத்தியில் இத்தனை நாளாக ஊரார் செய்த தவறுகளை எழுதி வந்திருக்கிறேன். பஸ்ஸில் இடம் பிடிப்பவர், கல்யாண வீட்டில் இரண்டு பந்தி உட்காருபவர்... உங்களுக்கும் பிடித்திருந்தது. இந்த வாரம் என்னுடையது.

எழுபதுகளின் நடுவில் நான் லகாட்டைத் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. அலுவலகத்தில் இரண்டாம் நாற்காலி. முதல் நாற்காலிக்காரர் ஓய்வு பெறும் நேரம். ஆங்கிலத்தில் துரைக்குக் கடிதம் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்தத் திமிர் எனக்கு நிறைய இருந்தது.

மாசி மகத்துக்குத் தோட்டத்திலிருந்து இரண்டு லாரி நிறைய ஆட்கள் தெலுக் பாத்திக் கடலுக்குக் குளிக்கப் போனார்கள். திரும்பி வந்த மறுநாள் தொழிலாளர் குடியிருப்பில் மூன்றாம் லயத்திலிருந்து ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தார். பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கிறவர். வயது முப்பது இருக்கும். பெயர் சொல்லப்போவதில்லை... காரணம் கடைசியில்.

அவர் சிவப்பு அடையாள அட்டைக்காரர், சிவப்பு ஐசி என்போம். குடியுரிமை இல்லை. சிவப்பு அட்டைக்காரர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று வந்திருந்த காலம் அது. பிறப்புப் பத்திரமும் கிடையாது. அவர் இன்னார் என்று சொல்ல இந்த உலகத்தில் இருந்த ஒரே காகிதம் அந்த அட்டைதான். அதைத்தான் தொலைத்துவிட்டு வந்திருந்தார்.

"ஐசி எங்க?" என்றேன்.

"கடக்கரையில பொதைச்சிட்டேங்கய்யா."

"பொதைச்சியா? ஏன், மொளைக்கும்னு பாத்தியா?"

பக்கத்து மேசை ஆட்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை அந்தப் பெண் காத்திருந்தார்.

"குளிக்கப் போறப்ப யாரும் எடுத்துருவாங்கன்னு பயந்து, ஐசியையும் எங்கம்மா மோதிரத்தையும் பர்சுல வச்சு மண்ணுல பொதைச்சேன். மேல செருப்ப வச்சேன். குளிச்சிட்டுத் திரும்புனா செருப்பு தண்ணியில மெதக்குது. கோணலா ஒரு ரூ மரம் இருக்குங்கய்யா. அதுலருந்து நேரா கடலப் பாத்து பன்னெண்டு எட்டு எடுத்து வச்சேன். எண்ணித்தான் வச்சேன்."

யோசித்தால் புரியும். நாள் முழுக்க நிரையில் நடந்து மரத்தை எண்ணுகிறவர். மரம் வைத்த இடத்தில் நிற்கும். கடலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். தண்ணீர் ஏறும், இறங்கும் என்று அவருக்கு யார் சொன்னது? தோட்டத்தில் பிறந்து தோட்டத்தில் வளர்ந்தவர். கடலை அன்றுதான் முதல் தடவை பார்த்திருக்கிறார்.

ஆனால் நான் யோசிக்கவில்லை. அட்டையை விற்றுவிட்டுத் தொலைந்தது என்கிறார்கள் என்று அப்போது ஒரு பேச்சு இருந்தது. எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. அதை நம்பினால் நான் ஏமாறாத ஆள் என்று ஆகிறதல்லவா?

துரைக்குக் கடிதம் எழுதினேன். இந்தப் பெண் சொல்வது நம்பத்தக்கதாக இல்லை, அட்டையை யாருக்கோ கொடுத்திருக்கக்கூடும் என்று. நல்ல ஆங்கிலம். துரை பாராட்டினார்.

செக்ரோலிலிருந்து, அதாவது தோட்டத்து வேலையாட்கள் பட்டியலிலிருந்து, அவர் பெயர் போனது. குத்தகைக்கு வேலை எடுக்கும் கொந்தராக்கு ஆளிடம் நாள் வேலைக்குப் போனார். லயத்தில் 'ஐசிய வித்தவ' என்று பெயர் வந்தது. அடுத்த ஞாயிறு அவர் கணவர் பஸ் பிடித்துப் போய், கோணல் மரத்திலிருந்து பன்னிரண்டு எட்டு வைத்துத் தோண்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. வெறும் கையோடு வந்தவர், அதன் பிறகு மனைவியிடம் சரியாகப் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன்.

என் கடிதம் சரி என்பதற்கு அதையும் ஓர் ஆதாரமாக எடுத்துக்கொண்டேன்.

ஐந்தாறு மாதம் போயிற்று. பள்ளி விடுமுறைக்கு லூமுட்டில் மைத்துனர் வீட்டுக்குப் போயிருந்தேன். சுமத்திராக் காற்று அடித்த மறுநாள் காலை, மைத்துனர் சொன்னார்: "வாங்க மச்சான், தெலுக் பாத்திக்ல தங்கம் பொறுக்கலாம்." போனோம். போன வாரம் பார்த்த அதே காட்சி. குனிந்த முதுகுகள்.

கோணல் மரம் இருந்தது. அப்படி ஒரு மரம் இருக்கும் என்றே நான் நம்பியிருக்கவில்லை.

மைத்துனர் தள்ளிப் போனதும் மரத்தடியில் நின்று கடலைப் பார்த்தேன். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. பன்னிரண்டு காலடி எடுத்து வைத்தேன். தண்ணீர் முட்டியைத் தொட்டது. ஒன்றும் இல்லை. மனதில் ஒரு நிம்மதி. வெட்கமாக இருக்கிறது, ஆனால் நிம்மதிதான். திரும்பினேன்.

நாலு காலடி மரத்துப் பக்கம், மணல் வெட்டுப்பட்ட சுவரில் நீலப் பிளாஸ்டிக் மூலை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

ஜிப் துருப்பிடித்திருந்தது. உள்ளே கைக்குட்டையில் முடிந்த மோதிரம். அட்டை. பிளாஸ்டிக் உறையின் ஓரத்தில் உப்பு ஏறியிருந்தது. ஆனால் பெயர் தெரிந்தது. படமும் தெரிந்தது. ஈரச் சேலையோடு நடப்பவர் எடுத்து வைக்கும் காலடி எவ்வளவு இருக்கும்? நானும் கணக்குப் போடவில்லை. அவர் கணவரும் போடவில்லை.

இப்போது நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். மோதிரத்துக்கு ஆசைப்பட்டேன் என்று. அப்படி இருந்தால் எழுதுவது இன்னும் சுலபம். மோதிரம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அட்டையைப் பெயர் போடாமல் தபாலில் அனுப்பியிருக்கலாம். அதையும் யோசித்தேன். அனுப்பினால் அவர் சொன்னது உண்மை என்று ஆகும். அவர் சொன்னது உண்மை என்றால் நான் எழுதியது என்ன? பெரிய கிராணி நாற்காலிக்கு அந்த மாதம்தான் என் பெயர் போயிருந்தது.

பாறைப் பக்கம் நடந்து போனேன். பர்சை அப்படியே கடலில் வீசினேன். மோதிரத்தோடு.

"என்ன மச்சான், ஏதாச்சும் கெடைச்சுதா?" என்றார் மைத்துனர்.

"கல்லு" என்றேன்.

அன்றைக்குக் கரையில் இருந்த அத்தனை பேரில் தங்கத்தைக் கண்டெடுத்துத் திரும்பக் கடலில் போட்டவன் நான் ஒருவன்தான். நேர்மையான ஆள் மாதிரி இல்லை?

நாற்காலி கிடைத்தது. அந்தக் குடும்பம் லயத்தைக் காலி செய்துவிட்டு ஆயர் தாவார் பக்கம் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்ட வேலைக்குப் போனது. பல நடை நடந்து, நான்கு வருடம் கழித்து அவருக்கு வேறு அட்டை கிடைத்ததாகச் சொன்னார்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்கு எப்போதும் தெரியும். தெரிந்துகொண்டே இருந்தேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

போன வாரம் காரில் திரும்பும்போது, ஆயர் தாவாரில் என்னை இறக்கிவிடச் சொன்னேன். பஸ்ஸில் ஈப்போ வந்துவிடுகிறேன் என்றேன்.

பலகை வீடு. கதவு திறந்தே இருந்தது. அவர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"கிராணி ஐயாவா? தலையெல்லாம் கொட்டிப்போச்சே. ஒக்காருங்க."

பாலில்லாத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். நான் தொடவில்லை. அன்று நீ என்று பேசிய வாய்க்கு இப்போது நீங்க என்றுதான் வந்தது.

"அந்தப் பர்சு கெடைச்சது. எனக்குத்தான் கெடைச்சது. நான்தான் தூக்கிக் கடல்ல போட்டேன்."

மற்றதையும் சொன்னேன். கடிதம், நாற்காலி, எல்லாம். அவர் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"எங்க கெடைச்சது?"

"நீங்க சொன்ன எடத்துலதான்."

"கோணல் மரத்துக்கு நேராவா?"

"நேராத்தான்."

"பன்னெண்டு எட்டு இருந்துச்சா?"

"ஒங்க எட்டு பன்னெண்டு. நாங்க ஆம்பள எட்டு வச்சுப் பாத்தோம்."

மோதிரத்தைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். வீட்டுக்குப் பின்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஏங்க, இங்க வாங்க. கை அழுக்கா இருந்தா தாப்பா லா, பரவால்ல, அப்பிடியே வாங்க."

கணவர் வந்தார். சைக்கிள் சங்கிலி எண்ணெய் இரண்டு கையிலும்.

"எனக்குச் சொன்னத இவருக்குச் சொல்லுங்கய்யா. மெதுவாச் சொல்லுங்க."

சொன்னேன். இரண்டாம் தடவை சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. அவர் கையைச் சாரத்தில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கு எவ்ளோ தோண்டுனேன் தெரியுமா" என்றார், யாரையும் பார்க்காமல்.

"தோண்டுனீங்க. தள்ளித் தோண்டுனீங்க" என்றார் மனைவி.

பிறகு என் பக்கம் திரும்பினார். "பேப்பர்ல எழுதுறீங்களாமே. லயத்துல அன்னிக்கு இருந்தவங்க பாதிப் பேரு இப்ப ஈப்போவுல இருக்காங்க. அவங்க படிக்கிற மாதிரி எழுதுங்க. பன்னெண்டு எட்டையும் எழுதுங்க."

மன்னிப்புக் கேட்டேன். அவர் தேநீரை என் பக்கம் நகர்த்தினார். ஆறிப்போயிருந்தது. அதைப் பதிலாக எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. குடித்தேன்.

வாசலில் செருப்பை மாட்டும்போது கேட்டேன். "ஒங்க பேரப் போட்டு எழுதட்டுமா?"

"எம் பேரு எதுக்கு லா? அதான் அப்பவே எல்லார் வாயிலயும் வந்தாச்சே. ஒங்க பேரு இருக்கட்டும்."

இருக்கிறது. வழக்கமான இடத்தில், தலைப்புக்குக் கீழே.