சயா வேண்டாம் என்று கை தூக்கிய வெள்ளிக்கிழமை

இதில் யார் பெயரையும் எழுத மாட்டேன். மரியாதைக்காக இல்லை, பயத்துக்காக. நான் சொல்லப்போகும் குடும்பம் இப்போது இந்த ஊரில் இல்லை, அதனால்தான் இவ்வளவாவது எழுதத் துணிகிறேன். பெயரை விட்டுவிட்டேன் என்பதற்காக என் வயிற்றெரிச்சலையும் விட்டுவிட்டு எழுத என்னால் ஆகாது.

எங்கள் வீடு பர்மாவில், தாமுவே என்கிற பேட்டையில், இரண்டாம் மாடி. நேர் கீழே தேநீர்க் கடை. குட்டி குட்டி பிளாஸ்டிக் முக்காலிகளில் நம் தமிழ் ஆட்கள் காலையில் வந்து குந்தினால், ஆறின தேநீரை நக்கிக்கொண்டு பந்தாட்டம் பேசுவார்கள். வேறு எந்த ஆட்டமும் இல்லை, எங்கள் கோயில் குழுவின் ஆட்டம்தான். அந்தக் குழுவுக்குக் கோச் என் வீட்டுக்காரர். பர்மாக்காரர்கள் வாத்தியாரைக் கூப்பிடுவதுபோல எல்லாரும் அவரை 'சயா' என்பார்கள். நாளெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு வந்து, லோஞ்சியை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்துக்கு ஓடுவார். ஒரு பைசா கிடையாது. ஜெர்சி துவைப்பது நான். அதற்கும் கிடையாது.

குழு தோற்றுக்கொண்டே இருந்தது. தாகேதாப் பேட்டைக் குழு ஆட்கள் வந்து கோல் மேல் கோலாகப் போட்டுவிட்டுப் போன மறுநாள், நான் வராந்தாவில் ஜெர்சிகளைக் காயப் போடுகிறேன். கீழேயிருந்து வெற்றிலைக் கடைக்காரர் குரல் கொடுத்தார்:

"அங்க பாருங்கய்யா, தோத்த துணி காயுது!"

எல்லாரும் சிரித்தார்கள். அதோடு விட்டார்களா?

"சயாவுக்குத் தடுக்கத்தான் தெரியும். முன்னாடி ஒருத்தன், பின்னாடி ஒம்பது பேரு. இது பந்தாட்டமா, வீட்டுக் காவலா?"

"அடியோட கலைச்சுட்டுப் புதுசாக் கட்டணும்" என்றார் மின்சார ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். "எளரத்தம் வேணும், எளரத்தம்!"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எளரத்தம் எந்தக் கடையில விக்குதுன்னு சொல்லுங்க பெரியவரே, ஒரு பாட்டில் வாங்கிட்டு வந்து ஊத்துறேன்!" என்று மேலேயிருந்தே கத்தினேன்.

கீழே கப்சிப். ஏன் என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் சட்டம் வந்ததிலிருந்து இளசுகள் எங்கே இருக்கிறார்கள்? பாதிப் பேர் தாய்லாந்துப் பக்கம் போய்விட்டார்கள். சிலர் மலேசியா. மிச்சம் இருப்பவர்கள் பொழுது சாய்ந்தால் வாசல்படி தாண்டுவதில்லை. சாயங்காலப் பயிற்சிக்கு எவன் வருவான்? பெரியவருடைய பேரன்களே போனவர்கள்தான். ஆனால் தேநீர்க் கடையில் அதைப் பேச முடியுமா? பக்கத்து முக்காலியில் எவன் உட்கார்ந்து கேட்கிறான் என்று யாருக்குத் தெரியும். ஆள் இல்லை என்று வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்கள், எல்லாப் பழியையும் என் வீட்டுக்காரர் தலையில் போட்டார்கள். அது வசதியான தலை. திருப்பிப் பேசாது.

அவர்களுடைய பெரிய வழக்கு, நடுவில் நின்று பந்தைப் பிரித்துக் கொடுக்க யாரைப் போடுவது என்பது. ஒரு பழைய ஆட்டக்காரர் இருந்தார். கண்ணைக் கட்டிவிட்டாலும் பந்தைச் சரியான காலுக்கு அனுப்புவார், ஆனால் முழங்கால் போய்விட்டது. இடைவேளைக்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இன்னொருவன் தாகேதாவிலிருந்து வந்து நம் குழுவில் ஆடுகிற பையன், அம்மா பர்மாக்காரி. நாம் தமிழில் கத்துவது புரியும், பதில் பர்மியத்தில்தான் வரும். காற்றாய்ப் பறப்பான், ஆனால் பந்தை இன்னொருத்தனுக்குக் கொடுத்தால் கை காலில் ஒன்று குறைந்துவிடும் என்பதுபோல வைத்துக்கொள்வான். இந்த இரண்டு பேரையும் மாற்றி மாற்றி அலசிவிட்டு, கடைசியில் எல்லாரும் மூன்றாவது ஆளிடம் வந்து நிற்பார்கள்.

"லேத் பட்டறைக்காரர் மவனை ஏன் உக்கார வச்சாரு சயா? அவன் இருந்தா இப்படி ஆகுமா?"

ஆகாதுதான். எங்கள் குழுவில் மூளை இருந்தது அந்தக் காலில்தான். ஆனால் அவனை என் வீட்டுக்காரர் உட்கார வைக்கவில்லை. அவன் ஊரிலேயே இல்லை.

அவன் அப்பாவுக்குப் பசுந்தாங் பேட்டையில் லேத் பட்டறை. ஒரு மத்தியானம் நான் ஜெர்சிகளை ஊறப் போட்டுக்கொண்டிருக்கும்போது வந்தார். செருப்பைக்கூடக் கழற்ற மறந்துவிட்டு உள்ளே வந்து நின்றார்.

"தம்பி, வார்டு ஆபீஸ்லேருந்து பெரியவனப் பட்டாளத்துக்குக் கூப்பிட்டுட்டாங்க. நேத்துக் கெளப்பி விட்டுட்டேன். பார்டர் தாண்டலை இன்னும், எங்க இருக்கான்னு தெரியல. அவன் போனது தெரிஞ்சா சின்னவனத் தூக்கிட்டுப் போயிருவாங்க தம்பி."

என் வீட்டுக்காரர் யோசிக்கவே இல்லை. "ஆட்டம் சரியில்லன்னு நான் எடுத்துட்டேன்னு சொல்லிர்றேன்ண்ணே. கோவிச்சுக்கிட்டுத் தாகேதாவுல பெரியம்மா வீட்டுல உக்காந்திருக்கான்னு நீங்க சொல்லிருங்க. யாரும் தேட மாட்டாங்க."

அந்த மனுஷர் இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அழுதவர் அடுத்த வாரம் என்ன செய்தார்? தேநீர்க் கடையில் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினார். "எம் மவன் என்ன கொற வச்சான்? சயாவுக்கு அவன் மேல பொறாமை!" என்றார். மேலே துணி உலர்த்திக்கொண்டு நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தே சொன்னார். அடப் பாவி மனுஷா! வாளித் தண்ணீரை அப்படியே தலையில் கவிழ்த்திருப்பேன். என் வீட்டுக்காரர்தான் உள்ளே இழுத்தார்.

"கத்தலைன்னாத்தான் சந்தேகம் வரும். விடு."

"அதுக்காகப் பொறாமைங்கிறதா? உங்களுக்கு ரோஷமே கெடையாதா?"

"இருக்கு. அத வச்சு இப்ப என்ன செய்ய?"

அந்த ரோஷம் இல்லாத முகத்தைப் பார்த்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

பேச்சு பெருத்துப் பெருத்து, சயாவை மாற்றுவதற்குக் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் கூட்டம். எங்கள் கோயிலில் ஒரு வழக்கம். அம்மன் முன்னால் கற்பூரத்தை ஏற்றித் தட்டை நடுவில் வைத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்கள். அணைய அணைய இன்னொரு கட்டி போடுவார்கள். அது எரியும்போது ஒருத்தர் வாயால் சொன்னது சத்தியம். அதற்கு மேல் கேள்வி கேட்க மாட்டார்கள். சண்டை போட்டுக்கொண்ட பங்காளிகள்கூட அந்தத் தட்டின் முன்னால் பொய் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஒவ்வொருவராக எழுந்து என் வீட்டுக்காரரைக் கிழித்தார்கள். தடுத்து ஆடியது தப்பு. தாகேதாப் பையனை ஓரத்தில் போட்டது தப்பு. முழங்கால் போனவரை நம்பியது தப்பு. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சயா வேண்டாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றதும், முதலில் தூக்கியவர் பட்டறைக்காரர். அந்தக் கையை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதுதானே அன்றைக்கு என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டது! பிறகு எல்லாக் கைகளும் மேலே போயின.

அடுத்து, யார் புது சயா? "பட்டறை அண்ணனே இருக்கட்டும்" என்றார் வெற்றிலைக் கடைக்காரர். உடனே கைதட்டல். பட்டறைக்காரர் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். யார் கேட்டார்கள்? பெரியவர் எழுந்து, சந்தோஷம் தாங்காமல், "இனிமே மவனுக்கு என்ன கோவம்? அப்பாவே சயா! வாங்க, இப்பவே நாலு பேரு தாகேதா போயி அவனக் கையோட கூட்டிட்டு வருவோம்" என்றார். சட்டென்று பாதி மண்டபம் எழுந்துவிட்டது. ஒருத்தர் வண்டிச் சாவியைக்கூட எடுத்துவிட்டார்.

பட்டறைக்காரர் முகத்தில் ரத்தம் இல்லை. அந்தப் பெரியம்மா வீட்டுக்கு இவர்கள் போனால் அங்கே யாரும் இல்லை. விடிவதற்குள் வார்டு முழுக்கத் தெரிந்துவிடும். சின்னவன், பதினெட்டு முடிந்தவன், அங்கேதான் தூணோரம் நின்றுகொண்டிருந்தான்.

எனக்கு அந்த நிமிஷம் இரக்கமே வரவில்லை. படு, நன்றாகப் படு என்றுதான் நினைத்தேன். நினைத்ததை ஏன் மறைக்க வேண்டும்?

"யாரும் போகாதீங்க." என் வீட்டுக்காரர் குரல். கற்பூரத் தட்டுக்கு நேரே வந்து நின்றுகொண்டார். "அவன் வர மாட்டான். நான் அவனச் செருப்பால அடிச்சேன். பயிற்சில எதுத்துப் பேசுனான்னு செருப்பக் கழட்டி அடிச்சேன். மானம் போச்சுன்னு இனி நம்ம ஆளுங்க ஒருத்தர் மூஞ்சிலயும் முழிக்க மாட்டேன்னுட்டான். போனீங்கன்னா இன்னும் அவமானப்படுவான்."

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. வருஷா வருஷம் அம்மனுக்குக் காவடி எடுக்கிற மனுஷர். ஒரு பிள்ளையைக் கைநீட்டி அடித்தது கிடையாது. அந்த அம்மன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்தப் பொய்யைச் சொன்னார்.

சாவி எடுத்தவர் மறுபடி பையில் போட்டுக்கொண்டார். ஒருத்தர்கூட ஏன் என்று கேட்கவில்லை, கேட்க மாட்டார்கள். செருப்படி பட்டவன் வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது? மண்டபம் முழுக்கத் தூ, தூ என்றது. பிறகு எல்லாத் தலையும் பட்டறைக்காரர் பக்கம் திரும்பியது. மகனைச் செருப்பால் அடித்தேன் என்று ஒருத்தன் அம்மன் முன்னால் சொல்கிறான், பெற்றவன் சும்மா நிற்கிறானே என்று.

என் வீட்டுக்காரர் அவரையே பார்த்தார். லேசாகத் தலையை அசைத்தார். அதை நான் ஒருத்திதான் கண்டேன்.

பட்டறைக்காரர் வந்து பளாரென்று அறைந்தார். இரும்பு பிடிக்கிற கை. இவர் தடுமாறித் தூணில் சாய்ந்தார். "அய்யோ, அடிக்காதீங்க!" என்று நான் பாய்ந்தேன். பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "விடுடி, ஒம் புருஷன் செஞ்ச காரியத்துக்கு இது பத்தாது" என்று காதோரம் சொன்னாள் ஒருத்தி. பத்து வருஷமாக நான் துவைத்த ஜெர்சியைப் போட்டுக்கொண்டவனின் அம்மா.

வீட்டுக்கு வந்து, அவர் கன்னத்தில் வைக்கப் பிழிந்த ஈரத்துணியைக் கையில் பிடித்துக்கொண்டே, "மாடு மாதிரி நின்னு வாங்குனீங்களே! அந்த நன்றி கெட்டவன் என்னா அடி அடிக்கிறான், பல்லு ஆடுது பாருங்க. நாளைக்குப் பஸ்ஸுல ஏறுறவனெல்லாம் துப்புவான். இனிமே இந்தத் தெருவுல எப்படித் தலைகாட்டுறது?" என்று கத்தித் தீர்த்தேன்.

அவர் துணியை என் கையிலிருந்து வாங்கித் தானே வைத்துக்கொண்டார்.

"பலமாத்தான் அடிச்சாரு, நல்லவேளை" என்றார். "கொஞ்சம் மெதுவா அடிச்சிருந்தா எவனாவது சந்தேகப்பட்டிருப்பான்."