தாயில்பட்டி வழியாக ஒரு சுற்று

என் கணவர் வேலைக்கு ஓட்டிப்போனது லேடீஸ் சைக்கிள். ஆளுக்கொன்று எதற்கு, வீட்டுக்கு ஒன்று போதும் என்று அவரே தேர்ந்தெடுத்து வாங்கியது. தெருவில் கேலி தாங்காது. "சேலை எங்க மாப்ள?" என்று கேட்பார்கள். அவருக்கு அதெல்லாம் காதிலேயே ஏறாது. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் மருந்து செலுத்தும் வேலை பார்த்தார். அந்தக் கோடையில் அவர் இருந்த ரூம் வெடித்தபோது, சைக்கிள் வாசல் வேப்பமரத்தடியில் பூட்டி நின்றது. கூட வேலை பார்த்தவர் தள்ளிக்கொண்டு வந்து கொடுத்தார். ஒரு கீறல் கிடையாது.

எனக்கு அழுகை வரவில்லை. துக்கத்துக்கு வந்த பெண்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பூட்டிய வீட்டுக்கு விருந்து வந்தவர்களைப் போல நின்றார்கள். "அழுதிரு தாயி, உள்ள வச்சிருக்காத" என்று ஒரு சித்தி, புரையேறியவளைத் தட்டுவது மாதிரி முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். எரிச்சல்தான் வந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் அப்படியேதான் இருந்தேன். சாப்பிட்டேன், தூங்கினேன், துணி துவைத்தேன். அவருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரவில்லையே, அப்படியானால் அவரோடு வாழ்ந்ததெல்லாம் பொய்தானா என்று பயம் மட்டும் இருந்தது. அதைப் போய் யாரிடம் சொல்வது?

ஒருநாள் மாமியார், "அந்தச் சைக்கிளு எதுக்குச் சும்மா வெயில்ல காயுது? நாளைக்குச் சின்னவன் வந்து எடுத்துட்டுப் போகட்டும்" என்றார். சின்னவன் என்றால் என் கொழுந்தன். சரி என்று தலையாட்டினேன். மறுநாள் காலையில் மாமியார் ரேஷன் கடைக்குப் போனதும் வண்டியை வெளியே எடுத்தேன். தாலி அறுத்த ஈரம் காயவில்லை, அதற்குள் சைக்கிள் ஓட்டுகிறாள் என்று பேசத்தான் செய்வார்கள். பேசட்டும்.

சிவகாசி எல்லை தாண்டி வெம்பக்கோட்டை ரோட்டில் மிதித்தேன். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். அதற்குள்ளே தள்ளித் தள்ளி நிற்கும் கம்பெனி ரூம்கள். ஆள் ஏற்றிப் போகும் வேன் ஒன்று என்னைத் தாண்டிப் போனது. உள்ளேயிருந்த பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். வெம்பக்கோட்டை அணையில் தண்ணீர் இல்லை. ஆடுகள் மேய்ந்தன. கடையில் ஒரு பன்னீர் சோடா வாங்கிக் குடித்தேன். இனித்ததா என்று கேட்டால் தெரியாது.

வந்த வழியே திரும்பியிருக்கலாம். தாயில்பட்டி வழியாகச் சுற்றிப் போகலாம் என்று தோன்றியது. காரணமெல்லாம் கிடையாது. அந்தக் கம்பெனியைப் பார்த்தாலாவது ஏதாவது வருகிறதா என்று நினைத்தேனோ என்னவோ. பாதி தூரம் போயிருப்பேன், சத்தம் கேட்டது.

எங்கள் பக்கத்தில் வெடிச்சத்தம் கேட்டால் யாரும் நின்று யோசிப்பதில்லை. புகை எந்தப் பக்கம் என்று பார்ப்போம். அந்தப் பக்கம் நம் ஆள் இருந்தால் ஓடுவோம். தெருவுக்கு ஒன்றிரண்டு செல்போன் இருந்த காலம், போய்ப் பார்த்தால்தான் உண்டு. புகை தாயில்பட்டிப் பக்கம் எழுந்தது. நான் மிதித்த மிதியில் ஒரு செருப்பு கழன்று விழுந்தது. எடுக்க இறங்கவில்லை. அவருக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது, இருக்கன்குடிக்கு வந்து முடி இறக்குகிறேன் தாயே என்று வேண்டிக்கொண்டே போனேன். சேலை செயினில் மாட்டிக் கிழிந்தது.

ஒரு கல்குவாரி வாசலில் சிவப்புக் கொடியோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் கோலத்தைப் பார்த்து எழுந்து வந்தார்.

"யாரைத் தேடுறீக?"

"எங்க வீட்டுக்காரரு அங்கன கம்பெனில வேலை பாக்காக. எந்த ரூம்ல வெடிச்சுதுன்னு தெரியுமா?"

அவர் சிரித்துவிட்டார். "கம்பெனில ஒண்ணுமில்லக்கா. இது நம்ம குவாரி வெடி. ஒத்தச் சத்தம்தான கேட்டுச்சு? கம்பெனின்னா விட்டு விட்டுல்ல வெடிக்கும். உங்க வீட்டுக்காரரு நல்லா இருப்பாக, பயப்படாமப் போங்க."

எனக்கும் தெரிந்த விஷயம்தான் அது. எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அப்பாடா என்று இருந்தது. உடம்பு முழுக்க லேசானது. அத்தனை நாளில் முதல்முறையாகச் சிரிப்புகூட வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். குவாரி வெடிக்குப் பயந்து செருப்பைத் தொலைத்த கதை அவருக்குத் தெரிந்தால் தெரு முழுக்கச் சொல்லிச் சிரிப்பார், மூச்சு விடக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். வண்டியைத் திருப்பினேன். வண்டி என்னிடம் இருக்கிறதே, அவர் சாயங்காலம் எதில் வீட்டுக்கு வருவார் என்று யோசித்தேன்.

ஸ்டாண்டு போடவில்லை. சைக்கிள் சாய்ந்து விழுந்தது. அதன் பக்கத்திலேயே ரோட்டில் உட்கார்ந்து, வாய்விட்டு, ஊருக்கே கேட்கும்படி அழுதேன். கொடிக்காரர் பதறி ஓடி வந்தார்.

"அதான் யாருக்கும் ஒண்ணும் ஆகலைன்னு சொல்றேம்லக்கா" என்றார். "பெறகு எதுக்கு இப்படி அழுகுறீக?"