ஹூஸ்டன் வரை ஒரு பகல் தூக்கம்

நெய்வேலியிலிருந்து சென்னை விமான நிலையம் ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். வாடகைக் கார் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய், சுங்கம் தனி. கணவர் இறந்து எட்டு மாதமாகியிருந்தது. கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்து கொடுத்துவிட்டு, இரண்டு பெட்டிகளோடு மாலை ஐந்து மணிக்குக் கிளம்பினேன். ஓட்டுநர் ஏழுமலை, முத்தாண்டிக்குப்பத்துக்காரர்.

"அமெரிக்காவுக்கா? அவ்ளோ நேரம் எப்பிடிம்மா குந்திகினே போவீங்க? தூக்கம் வருமா?" என்று கேட்டார்.

"கட்டில்லயே வரல ஏழுமலை" என்றேன். கணவர் போனதிலிருந்து நான் ஒழுங்காகத் தூங்கியதில்லை. மாத்திரை போட்டாலும் அரை மணிக்கொரு தரம் திடுக்கிட்டு எழுந்துவிடுவேன். அதைக் கேட்டுத்தான் ஹூஸ்டனில் இருக்கும் மகள் டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தாள்.

டிக்கெட்டோடு, எகானமி வகுப்பில் தூங்குவதற்கு ஒரு பாடத்திட்டமும் போட்டிருந்தாள். நடைபாதை ஓர இருக்கை, அப்போதுதான் எழுந்து நடக்கலாம். கால் வீங்காமலிருக்க இறுக்கமான காலுறை. கழுத்துத் தலையணையைப் பின்னால் மாட்டாமல் தாடைக்குக் கீழே திருப்பிக்கொள்ள வேண்டும். பெல்ட்டைப் போர்வைக்கு மேலே போட்டால் சரிபார்க்க எழுப்ப மாட்டார்கள். காபி கூடாது. சுடிதார் போடச் சொன்னதை மட்டும் நான் காதில் வாங்கவில்லை. நூல் புடவைக்கு என்ன குறை?

துபாய் வரை நாலு மணி நேரம், சொல்வதற்கு ஒன்றுமில்லை. அங்கிருந்து ஹூஸ்டனுக்குக் காலையில் புறப்பட்ட விமானம், மொத்தம் பதினாறு மணி நேரம். ஜன்னலோரம் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், நடு இருக்கை காலி. விழுப்புரம் பக்கமாம். எண்ணெய்க் கிணற்றில் ஷிப்டு வேலை, மூன்றாவது தடவை போகிறார். பேசிக்கொண்டே பெல்ட்டைப் போர்வைக்கு மேல் பூட்டினார், அடுத்த நிமிஷம் தூங்கிப்போனார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

சாப்பாடு முடிந்ததும் ஜன்னல்களையெல்லாம் மூடச் சொன்னார்கள். வெளியே நல்ல வெயில், உள்ளே இருட்டு. எனக்கு இது புதிதில்லை. நெய்வேலிச் சுரங்கத்தில் நைட் ஷிப்டு முடித்து என் கணவர் வந்து படுத்தால், ஜன்னலில் கம்பளியை மாட்டிவிடுவேன். காலிங் பெல்லை அணைத்துவிடுவேன். கீரைக்காரி எங்கள் வாசலில் மட்டும் கூவ மாட்டாள். முப்பது வருஷம் அவர் தூக்கத்துக்கு நான்தான் வாட்ச்மேன். எங்கள் பிளாக்கில் அது எல்லோருக்கும் தெரியும்; எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

பழக்கம் போகுமா? பணிப்பெண் தட்டோடு வந்து ஜன்னலோரக்காரரைத் தொடப் போனபோது, "தூங்கட்டும்மா" என்று தமிழிலேயே தடுத்திருந்தேன். அவர் பங்கு பன்னை வாங்கி நடு இருக்கையில் வைத்தேன்.

நாலைந்து மணி நேரம் போயிருக்கும். அவர் அசையவில்லை. குறட்டையும் இல்லை. மார்பு ஏறி இறங்குகிறதா என்று குனிந்து பார்த்தேன்; இருட்டில் தெரியவில்லை.

அன்றைக்கும் இப்படித்தான். என் கணவர் காலையில் ஷிப்டு முடித்து வந்தார், நாலு இட்லி சாப்பிட்டார், படுத்தார். கேஸ் சிலிண்டர் போட வந்தவரை, மெதுவாக உருட்டச் சொல்லி அதட்டினேன். வெளியே கிரிக்கெட் ஆடிய பிள்ளைகளை விரட்டினேன். மூன்று மணிக்குக் காபியோடு போய்த் தொட்டால் உடம்பு ஜில்லென்று கிடந்தது. காலையிலேயே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். அவ்வளவு நேரமும் நான் தெருவை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். அதன் பிறகு யார் தூங்கினாலும் எனக்குப் பயம். நான் தூங்கவும் பயம்.

"தம்பி! தம்பி!" என்று தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன்.

வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். "இன்னாம்மா, வந்துடுச்சா?"

"இல்லப்பா... மூச்சு விடுறீங்களான்னு பாத்தேன்."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. முன்பின் தெரியாத மனிதரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கேட்டுக்கொண்டே பன்னை எடுத்துப் பிய்த்துத் தின்றார்.

"நான் தூங்குனது போதும்மா. நீங்க படுங்க. நான் முழிச்சிகினுதான் இருப்பேன். மூச்சு விடுறீங்களான்னு நான் பாத்துக்கிறேன்."

இந்த முப்பது வருஷத்தில் என்னிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. தலையணையைத் தாடைக்குக் கீழே திருப்பி, காலைப் பையின் மேல் வைத்துக்கொண்டேன். எப்போது தூங்கினேனோ தெரியாது.

"அம்மா, எழுந்திருங்க. எறங்கப் போவுது."

ஜன்னல் திறந்திருந்தது. கண் கூசும் வெயில். நடு இருக்கையில் எனக்கான பன் இருந்தது. பணிப்பெண்ணை அவர் தடுத்திருக்கிறார்.

மகள் வீட்டில் எனக்கென்று தனி அறை. கனத்த திரைச்சீலை. நெய்வேலியில் மின்நிலையத்தின் இரைச்சல் எப்போதும் காதில் இருக்கும். இங்கே ஒரு சத்தமும் இல்லை. மறுநாள், பகல் முழுக்க ஓய்வெடுக்கச் சொல்லி மகள் போர்வையைச் சரிசெய்தாள்.

"நல்லா தூங்கும்மா. யாரும் வந்து எழுப்ப மாட்டோம்" என்று கதவைச் சாத்தப் போனாள்.

"சாத்தாதே" என்றேன். "நடுநடுவுல வந்து எழுப்பிப் பாரு."