றேடியோவைக் குறையுங்கோ அண்ணை

காரில் அந்தப் பழைய அலைவரிசைக்குப் போனால் இப்போது இரைச்சல்தான். முன்பு ஞாயிறு பதினொரு மணிக்கு அங்கே தொழிலாளர்களின் தமிழ் நேரம் இருந்தது. சம்பளம், வாடகை, சங்கம் என்று நேயர்கள் தொலைபேசியில் வந்து கொதிப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்த அப்பா, கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுச் சமையலறையில் சட்டைப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டுதான் தொலைபேசியை எடுப்பார். “றேடியோவைக் குறையுங்கோ அண்ணை, இரையுது,” என்பார் அறிவிப்பாளர். நாங்கள் குறைத்துவிடுவோம்; அதனால் வானொலியில் அப்பாவின் குரல் எப்படியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது.

ஒரு பனிக்காலம் கட்டடத்தில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. அதைச் சொல்ல அப்பா தொலைபேசியை எடுத்தார். “பேரைச் சொல்லாதேங்கோ, வீட்டுக்காரர் எங்களை வீட்டால எழுப்பிப்போடுவாங்கள்,” என்று அம்மா கெஞ்சினார். அப்பா பெயர், தெரு, கதவிலக்கம் எல்லாவற்றையும் சொன்னார். பால் பொங்கி அடுப்பில் தீய்ந்து மணத்தது. திரும்பினேன், அம்மாவைக் காணவில்லை. அப்பாவின் குரலை வானொலியில் கேட்பதற்காக முன்வீட்டுக்கு ஓடியிருந்தார்.

நிகழ்ச்சி நின்றுவிட்டது. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஞாயிறு பதினொன்றுக்கு என் போன் அடிக்கிறது.

“பிள்ளை, இப்ப கதைக்கலாமோ?”

“ஓம் அப்பா, சொல்லுங்கோ.”

கார் வானொலியின் இரைச்சலைக் குறைக்கிறேன். அப்பா முதலில் தன் பெயரைச் சொல்கிறார்.