கிராம்பு மணத்த தொட்டி

அயனம்பாக்கம் ஏரிக்கரையோரம் உள்ள அடுக்குமாடியில் இரண்டாவது மாடியில் குடியிருக்கும் எழிலரசிக்கு வயது நாற்பத்து மூன்று. திங்கள் முதல் சனி வரை தலையில் பூ வைக்க மாட்டாள். தேங்காய் எண்ணெய் கிடையாது, பவுடர் கிடையாது. காலையில் வெங்காயமோ பூண்டோ சேர்ந்த எதையும் வாயில் வைக்க மாட்டாள். கீழ்வீட்டுப் பொன்னம்மாள் நான்கு வருடம் இதையெல்லாம் கவனித்துவிட்டு, பெண் ஏதோ பெரிய வேண்டுதலில் இருக்கிறாள் என்று முடிவுகட்டி வைத்திருந்தார். வேண்டுதலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எழிலரசி பீர் குடித்துச் சம்பளம் வாங்குகிறவள்.

அப்படிச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். குடிப்பது வேறு, ருசி பார்ப்பது வேறு. பூந்தமல்லிக்கு மேற்கே, பெங்களூர் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பத்தொன்பது வருட சர்வீஸ். தினமும் காலை பதினொரு மணிக்கு ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் ஒரு வாய். ஒயின் பார்க்கிறவர்கள் வாயில் வைத்துத் துப்பிவிடலாம். பீரில் அந்தச் சலுகை இல்லை. கசப்பு தொண்டையில்தான் தெரியும், விழுங்கித்தான் ஆக வேண்டும். கணவன் ஜெகதீஷுக்கு இது தெரியும். புகுந்த வீட்டில் மற்றவர்களுக்குக் குளிர்பானக் கம்பெனி என்று சொல்லி வைத்திருக்கிறது. பொய் என்றும் சொல்ல முடியாது, பீரைக் குளிரவைத்துத்தானே விற்கிறார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, அவள் மூக்கு சாதாரண மூக்கில்லை. ஒரு தடவை, மூடியின் உள்பக்கத்து ரப்பர் சரியில்லை என்று ஒரு வாய் பீரை வைத்தே சொல்லிவிட்டாள். ஆலை மேலாளர் திருவேங்கடம், வெளியூரிலிருந்து யார் வந்தாலும் அவளைக் காட்டி, "மிஷின் பொய் சொல்லும், இந்தம்மா சொல்லாது" என்பார். அடுத்த மாதம் அவளைக் கம்பெனியின் மூன்று ஆலைகளுக்குமான ருசிக்குழுவின் தலைவியாக்கப் போவதாகப் பேச்சு. மற்றவர்கள் முன்னால் இந்தப் பேச்சு வரும்போது அவள் காதில் விழாததுபோல் இருப்பாள். உள்ளுக்குள் தித்திக்கும்.

இந்த மூக்கு பழகியதெல்லாம் ஒரே வகை பீரில்தான். தொழிலில் லாகர் என்பார்கள். தெளிவாக, மஞ்சளாக, சில்லென்று இருக்கும். அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை எந்தக் கடை கம்பிக்குள் கைநீட்டிக் கேட்டாலும் கிடைப்பது அதுதான். கடைக்காரர் கேட்கும் கேள்வி இரண்டே இரண்டு: ஸ்ட்ராங்கா லைட்டா, கூலிங்கா சாதாவா. கறுப்பு பீர், புளிப்பு பீர், கோதுமை பீர் என்று உலகத்தில் ஆயிரம் இருக்கலாம். எழிலரசி அவற்றின் பெயர்களைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததோடு சரி. ஒன்றைக்கூட நாக்கில் வைத்ததில்லை. ஆனால் குற்றங்கள் அத்தனையும் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சின்னச் சின்னக் குப்பிகளில் கெட்ட வாசனைகளை அடைத்துக் கொடுத்து முகரவைத்தார்கள். ஒன்பதாம் நம்பர் குப்பி கிராம்பு. கிராம்பு வாசனை வந்தால் எங்கிருந்தோ பீரைக் கெடுக்கும் காட்டு ஈஸ்ட் உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம். விட்டால் குழாய் வழியாக எல்லாத் தொட்டிக்கும் பரவும்.

போன ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. மூலையில் இருந்த சின்னத் தொட்டியிலிருந்து மாதிரி வந்தது. சீட்டில் 'சோதனை 3' என்று மட்டும் எழுதியிருந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த பீர் நிபுணர் ஸ்ரீநாத்தின் வேலை அது. ஜெர்மனியில் படித்துவிட்டு வந்த பையன். கோதுமை போட்டு ஏதோ செய்கிறான் என்று அவளுக்குக் காதில் விழுந்திருந்தது. பாதியில் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை என்று மாயவரம் போய்விட்டான். போகிற அவசரத்தில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

எழிலரசி தம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். கலங்கல். மூக்கருகில் கொண்டுபோனாள். பழுத்த வாழைப்பழம், அதன் பின்னாலேயே கிராம்பு. ஒரு வாய் விழுங்கினாள். சந்தேகமே இல்லை. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

படிவத்தில் 'காட்டு ஈஸ்ட்' கட்டத்தில் டிக் அடித்தாள். காரணம் என்ற இடத்தில், 'தொட்டி சரியாகக் கழுவப்படவில்லை' என்று எழுதினாள். யாரும் போய்ப் பார்க்கவில்லை, விசாரிக்கவில்லை. அந்த ஆலையில் தொற்று என்றால் அந்த இடத்தில் அதைத்தான் எழுதுவார்கள், கை தானாக எழுதும். விதிப்படி கலால் அதிகாரி வந்து நின்றார், அவர் கண்ணெதிரே ஐந்நூறு லிட்டரும் கழிவுநீர்த் தொட்டிக்குப் போனது. ஒரு பாட்டில் மட்டும், எப்போதும்போல, சாட்சி மாதிரியாகக் குளிர் அறைக்குப் போனது.

திங்கட்கிழமை, தொட்டி கழுவும் ஒப்பந்தத் தொழிலாளி பச்சையப்பனை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

புதன்கிழமை ஸ்ரீநாத் வந்தான். காலித் தொட்டியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். படிவத்தை வாங்கிப் படித்தான்; என்ன வாசனை என்று அதில் இல்லை. மறுநாள் கேன்டீனில் எழிலரசிக்கு எதிரில் தட்டோடு வந்து உட்கார்ந்தான்.

"தப்பு உங்க மேல இல்ல மேடம். தொற்று வந்தா ஊத்தித்தான் ஆகணும்" என்றான். "எனக்குத்தான் அதிர்ஷ்டம் இல்ல. அந்த ஈஸ்ட்டை வரவழைக்க எட்டு மாசம் அலைஞ்சேன். நான் படிச்ச ஊர்ல, மத்தியானம் சர்ச் விட்டு வந்து எல்லாரும் அந்தக் கோதுமை பீரைத்தான் குடிப்பாங்க. கலங்கலா இருக்கும். கிளாஸைக் கிட்ட கொண்டு போனாலே நல்லா பழுத்த வாழைப்பழம், கொஞ்சமா கிராம்பு. அந்த வாசனை இல்லைன்னா அது அந்த பீரே இல்ல. இந்த ஊர்ல ஒரு தடவையாவது அதை வரவைக்கணும்னு நெனச்சேன்."

எழிலரசியின் கையில் இருந்த சோறு கையிலேயே இருந்தது.

"என்ன மேடம்?"

"ஒண்ணுமில்ல. காரம்" என்றாள்.

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏழு நாள் சொல்லவில்லை. அவளை நல்லவளாகக் காட்ட எனக்கு ஒன்றும் வேண்டுதல் இல்லை, நடந்ததைத்தான் சொல்கிறேன். அவள் பயந்தாள். பத்தொன்பது வருடமாக அந்த மூக்கைத் தவிர வேறு எதை வைத்தும் யாரும் அவளை மதித்ததில்லை. அதுவும் தவறு என்று ஊர் சொல்லிவிட்டால் அவள் யார்?

பச்சையப்பன் தினமும் வந்தான். நெமிலிச்சேரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, காலை ஷிஃப்ட் நேரத்தில் கேட்டுக்கு வெளியே நிற்பான். செக்யூரிட்டி உள்ளே விட மாட்டார். கம்பெனி பஸ்ஸிலிருந்து எழிலரசி இறங்கினால் கிட்டே வருவான்.

"அக்கா, நீயாவது சொல்லுக்கா. வால்வு மொதக்கொண்டு கயட்டி கயுவிகீறேன். என் தொட்டில தண்ணி ஊத்துங்க, நானே குடிச்சிக் காட்டுறேன்."

"பாக்கலாம்ப்பா" என்பாள். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கையைக் கழுவுவாள்.

எட்டாவது நாள், வியாழக்கிழமை, அவள் குளிர் அறைக்குப் போனாள். போனதன் நோக்கம் அவளுக்கே தெளிவாகத் தெரியும்: அந்தச் சாட்சி பாட்டிலைத் தொலைத்துவிடுவது. அது இல்லாமல் போனால் படிவம் மட்டும்தான் மிஞ்சும், படிவத்தில் அவள் எழுதியதுதான் இருக்கும். கைகழுவும் தொட்டியருகே மூடியைத் திறந்தாள். சாய்ப்பதற்கு முன் பழக்க தோஷம், மூக்கருகே கொண்டுபோனாள். எப்படியாவது கெட்டிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஒரு புளிப்பு, ஒரு புகைச்சல், ஆஸ்பத்திரி நெடி, ஏதாவது ஒன்று.

ஒன்றுமே இல்லை. வாழைப்பழம், கிராம்பு, அதற்கு அடியில் ஈர மாவு மாதிரி கோதுமை. அவ்வளவுதான். உண்மையான காட்டு ஈஸ்ட் இத்தனை ஒழுங்காக இருக்காது, கூடவே நாலு திருட்டு வாசனையை இழுத்து வரும். ஒரு வாய் விழுங்கினாள். சுத்தமாகக் கழுவிய தொட்டியில் மட்டும்தான் இப்படி வரும் என்று அவள் மூக்கே அவளிடம் சொன்னது. யாரிடம் வேண்டுமானாலும் பொய் சொல்லலாம், அதனிடம் எப்படிச் சொல்வது?

திறந்த பாட்டிலை அப்படியே தூக்கிக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனாள். ஸ்ரீநாத்தையும் கூப்பிடச் சொன்னாள். இரண்டு தம்ளரில் ஊற்றினாள்.

ஸ்ரீநாத் முகர்ந்தான். குடித்தான். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான்.

"இதுதான்" என்றான். இன்னொரு வாய் குடித்துவிட்டு மறுபடியும், "இதேதான் மேடம்."

"இதையா சாக்கடையில ஊத்தினோம்?" என்றார் திருவேங்கடம்.

"ஊத்தினோம் இல்ல சார், ஊத்தினேன்" என்றாள் எழிலரசி. "எனக்கு இது தெரியாது. தெரியாம கையெழுத்துப் போட்டேன். தெரிஞ்ச பிறகும் ஒரு வாரம் வாயைத் திறக்கல."

திருவேங்கடம் ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஆரம்பித்தார், பாதியில் நிறுத்திவிட்டார். மூன்று ஆலைப் பேச்சை இப்போதைக்குத் தள்ளிவைப்போம் என்றார். அவள் தலையாட்டினாள். படிவத்தை வாங்கி, காரணம் என்ற இடத்தை அடித்துவிட்டு, 'ருசி பார்த்தவரின் தவறு' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். பிறகு கேட்டுக்குப் போன் செய்து, வெளியே நிற்கும் பச்சையப்பனை உள்ளே விடச் சொன்னாள்.

அவன் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தான். நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை. ஸ்ரீநாத் மிச்சமிருந்ததை ஒரு தம்ளரில் ஊற்றி அவன் கையில் கொடுத்து, "நீங்க கழுவின தொட்டியில வந்தது. குடிச்சுப் பாருங்க" என்றான்.

மேலாளர் அறையில் பீரா என்று பச்சையப்பன் திருவேங்கடத்தைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். ஒரு வாய் குடித்தான். முகம் அஷ்டகோணலாகியது.

"இன்னா சார் இது, பல்லுவலி மருந்து கணக்கா கீது. கெட்டுப்போச்சு." எழிலரசி பக்கம் திரும்பினான். "அக்கா சரியாத்தான் சொல்லிகீது. நானா இருந்தா நானும் ஊத்தியிருப்பேன். அக்கா மேல தப்பில்ல சார்."

திருவேங்கடம் சிரித்துவிட்டார். எழிலரசிக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். தன் வேலையைப் பறித்தவளுக்காக அவன் பரிந்து பேசுவதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"பச்சையப்பா, அது கெட்டுப்போகல" என்றாள். "உன் தொட்டி சுத்தமா இருந்துச்சு. நான்தான் பார்க்காம அழுக்குன்னு எழுதிட்டேன். என்னை மன்னிச்சிடு."

பச்சையப்பன் தம்ளரை மேசைமேல் வைத்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டான். முதுகு குலுங்கியது. துண்டை எடுத்தபோது கண் சிவந்திருந்தது.

"இத்த கேக்கத்தான்க்கா தெனிக்கும் வந்துகினு இருந்தேன்" என்றான்.